ஜூனில் கன்று நடவேண்டாம், விதை பொறுக்குங்கள்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஜூன் 5ஆம் திகதி, உலகச் சுற்றாடல் தினம் என்று எங்கள் பாடசாலையில் நாற்பது கன்று நட்டோம். பதாகை, பேச்சு, அதிதி, படம் ஒன்றிலும் குறையில்லை. ஆகஸ்ட் விடுமுறைக்கு முதல் நாள் போய்ப் பார்த்தால் பச்சையாக நின்றது மூன்றே மூன்று, அதிலும் ஒன்று கன்றுக்கு முட்டுக்கொடுக்க ஊன்றிய கிளுவைக் கம்பு.

பிழை கன்றில் இல்லை, நாளில். ஜூன் மாதம் கொழும்புப் பக்கம் மழை பெய்யும். திருகோணமலைக்கு அது கச்சான் காலம் (தின்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து மண்ணையும் முகத்தையும் சேர்த்துப் பொரிக்கிற காற்று). எங்களுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது, அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் மரங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதுதான் எங்கள் காட்டின் முழுக்கதையும். அந்தக் கதையைப் பிள்ளைக்குக் காட்டாமல் கையில் கன்றைக் கொடுத்துப் படம் எடுத்தால் அது படம் எடுப்பது, அவ்வளவுதான். அதனால் ஆசிரியர்களுக்கு எழுதுகிற இந்தக் குறிப்பில் நடுகை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னர் பிள்ளைகள் செய்ய நிறைய வேலை இருக்கிறது.

எந்த வகுப்பு என்று கேட்டால் தரம் 4, இல்லாவிட்டால் 6, 7. தரம் 5 பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சையிடம் விட்டுவிடுங்கள், பெற்றோர் உங்களை மரத்தில் கட்டிவைப்பார்கள்.

முதல் வேலைக்கு வகுப்பை விட்டு வெளியே போகவே தேவையில்லை. பாலையூற்று, ஆலங்கேணி, நாவற்சோலை, மாங்காயூற்று என்று நாங்கள் தினமும் சொல்கிற இடப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, இதற்குள் என்ன மரம் ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள். பிறகு வீட்டுவேலை: அந்த இடத்தில் இப்போது அந்த மரம் நிற்கிறதா, அம்மம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? சிங்களம் தெரிந்த அயலவர் இருந்தால் மரத்தின் சிங்களப் பெயரையும் கேட்டு வரட்டும். பாலை அங்கே பலு, முதிரை புருத்த, மருது கும்புக், வேம்பு கொஹொம்ப. அடுத்த நாள் வகுப்பில் வாய் மூடாது, அது நல்ல அடையாளம்.

ஒரு சோடிக்கு ஒரு மரம்

பாடசாலை வளவுக்குள் நிற்கிற வேம்பு, கொய்யா, கொட்டாங்காய், பூவரசு எதுவானாலும் சரி. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மரம், ஒரு வருடத்துக்கு. ஆனால் மரத்தை நீங்கள் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, சோடிப் பிள்ளை கையைப் பிடித்து வளைத்து வளைத்து ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போகட்டும். கண் கட்டிய பிள்ளை பட்டையைத் தடவி, மணந்து, கட்டிப் பிடித்து, வேர் எங்கே கிளம்புகிறது என்று காலால் தேடிவிட்டுத் திரும்பி வரவேண்டும். கட்டை அவிழ்த்த பிறகு, எந்த மரம் என்று தானே கண்டுபிடிக்கவேண்டும். வேம்பின் வெடித்த பட்டையும் கொய்யாவின் வழுவழுப்பும் கைக்குள் ஏறிவிட்டால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. கண் கட்டுவதற்கு முன்னர் நீங்கள் ஒருமுறை மேலே பார்த்துக் குளவிக்கூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள், இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

பிறகு அளவு. மரத்தின் சுற்றளவைப் பெரும்பாலான நாடுகளில் நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில்தான் எடுப்பார்கள். வகுப்புக் கதவு நிலையில் அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால், அது தனக்கு மூக்கு, தனக்குத் தோள் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் உடம்பில் குறித்துக்கொள்ளும், அளவு நாடா தேடி ஓடவேண்டியதில்லை. நூலைச் சுற்றிப் பிடித்து, அடிமட்டத்தில் வைத்து அளந்து, 3.14ஆல் பிரித்தால் விட்டம். நூலை மரத்தில் கட்டி விட்டுவிட்டு வரக்கூடாது.

உயரத்துக்கு ஏணி தேவையில்லை. பிள்ளை கையை நேரே நீட்டி, கண்ணிலிருந்து விரல் வரைக்கும் உள்ள நீளத்துக்கு ஒரு தடியை முறிக்கட்டும். அந்தத் தடியை நீட்டிய கையில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, தடியின் அடி மரத்தின் அடியிலும் நுனி மரத்தின் உச்சியிலும் சரியாகப் பொருந்தும் வரை பின்னால் நடக்கவேண்டும். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். ஏன் அப்படி என்று கேட்கிற பிள்ளை கட்டாயம் வரும், அந்தப் பிள்ளையைக் கணித ரீச்சரிடம் அனுப்பி வையுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

மாதம் ஒருநாள், ஒரே திகதியில், கொப்பியில் நான்கு வரி: புது இலை, பூ, காய், வந்து போன விருந்தாளிகள். கொட்டாங்காய் மரம் எடுத்த சோடிக்கு அதிர்ஷ்டம், காலையில் நிலத்தில் கடித்துப் போட்ட காய்கள் கிடக்கும். யார் கடித்தது என்று துப்பறிய விடுங்கள், வௌவால் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு வேலை பத்து நிமிடத்தில் முடியும். காலை எட்டு மணிக்கு வெயில் படுகிற ஒரு கொப்பில் இலைகளை உள்ளே விட்டு ஒளி ஊடுருவும் பொலித்தீன் பை ஒன்றைக் கட்டுங்கள், பக்கத்தில் ஒரு காய்ந்த தடிக்கும் அதேபோல இன்னொரு பை. பாடசாலை விடுகிற நேரம் இலைப் பைக்குள் தண்ணீர்த் துளி நிற்கும், தடிப் பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தடிப் பை இல்லாவிட்டால் “சேர், அது பனி” என்று ஒருவன் சொல்வான், அவனை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. மரம் வேரால் உறிஞ்சுகிற தண்ணீரை இலையால் விடுகிறது, ஆவியுயிர்ப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்தால் போதும். மத்தியானம் மைதான மணலிலும் மர நிழலிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இதன் மறுபாதியும் விளங்கிவிடும்.

அதிபரிடம் ஒரு மூலை கேளுங்கள்

எங்கள் பாடசாலைகளில் காலையில் முதல் வேலை இலை கூட்டுவது. கூட்டிக் குவித்து நெருப்பு வைத்தால் வளவு துப்புரவு, புள்ளி கிடைக்கும். காட்டில் யாரும் கூட்டுவதில்லை, அதனால்தான் அது காடாக இருக்கிறது. இதை அதிபரிடம் இப்படியே சொன்னால் கோபிப்பார், ஆகவே பணிவாக, வேலியோரமாக ஒரு மூலையை மட்டும் ஒரு வருடத்துக்குக் கூட்டாமல் விடுங்கள், பரிசோதனைக்கு என்று கேட்டு வாங்குங்கள். அங்கே சிரட்டை, யோகட் கப் என்று தண்ணீர் தேங்குகிற ஒன்றும் கிடக்காமல் பிள்ளைகள் வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். நுளம்புக் குடம்பி ஒன்று அகப்பட்டாலும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து உங்கள் ஆராய்ச்சியை அன்றைக்கே முடித்துவைப்பார்.

அந்த மூலையில் கயிற்றால் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம், கூட்டிச் சுத்தமாக்கிய மைதானத்தில் அதே அளவு இன்னொரு சதுரம். பழைய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, சருகைக் குச்சியாலும் கரண்டியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட்டு, என்னென்ன ஊர்கிறது என்று எண்ணவேண்டும். மரவட்டை, எறும்பு, கறையான், சிலந்தி, மழைக்காலம் என்றால் மண்புழு. கையை விடவே கூடாது, தேளும் பூரானும் சருகுக்குள்தான் இருக்கும், சுருட்டைப் பாம்பும் அப்படித்தான். சப்பாத்து கட்டாயம். எண்ணி முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடவேண்டும். இரண்டு சதுரத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதே மூலையில் ஒரு புதையல் வேலை. வெங்காயம் வருகிற வலைப்பைகளில் வேப்பிலை, மாவிலை, கொப்பித்தாள், டொஃபி உறை, லஞ்ச் சீற் என்று தனித்தனியாகப் போட்டு, ஒரு சாண் ஆழத்தில் புதைத்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். நான்கு கிழமைக்கு ஒருமுறை கிண்டிப் பார்க்கவேண்டும். ஜூலையில் புதைத்தால் இலைகூட அதிகம் மாறியிருக்காது, காய்ந்த மண்ணில் இலையை உக்கவைக்கிற பிரிகையாக்கிகளுக்கு வேலை ஓடாது. நவம்பரில் மழை விழுந்த பிறகு அதே இலை நரம்பு மட்டும் மிச்சமாகக் கிடக்கும். டொஃபி உறை இரண்டு காலத்திலும் போட்டது போட்டபடி. பிள்ளைகளிடம் கரைச்சல் வரும், வாரத்துக்கு ஒருமுறை கிண்டவேண்டும் என்பார்கள், விடாதீர்கள்.

மழை தொடங்குவதற்கு முன்னர் போத்தல் வேலையைச் செய்து முடியுங்கள். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் மூன்று எடுத்து, படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி, ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்று வெறும் மண், ஒன்றுக்கு மேலே சருகு, மூன்றாவதில் இரண்டு கிழமைக்கு முன்னரே பயறு தூவி முளைக்கவைத்திருக்கவேண்டும். வாய்ப்பக்கம் கொஞ்சம் சரிவாக வைத்து, மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றி, வாயால் வடிவதைக் கண்ணாடிக் குவளைகளில் பிடிக்கவேண்டும். வெறும் மண்ணிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் வரும், மற்றவை தெளிந்து மெதுவாக வரும். மாரியில் கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து கலக்கிற இடத்தில் கடல் கலங்கிப் போவதை மூதூர்ப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள், அந்தக் குவளையைக் கண்டதும் அவர்களே சொல்வார்கள். அந்தச் சேறு பவளப்பாறை மேல் படிந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, புறாத்தீவு வரைக்கும் கதையை நீட்டலாம்.

காட்டுக்கு ஒருநாள்

முதலில் தாள் வேலை: வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, ஒதுக்கக் காடு என்றால் வன இலாகாவின் அனுமதி. கன்னியாப் பக்கம் போனால் வீதியோரமாக இருநூறு மீற்றர் நடந்தாலே போதும், உள்ளே போகத் தேவையே இல்லை. காலை எட்டுக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பிவிடுங்கள், பின்னேரம் யானை நடமாடும். இடம் தெரிந்த ஊர் ஆள் ஒருவர் முன்னால் போகவேண்டும். ஆள் புழங்காத பழைய காணிகளுக்குள் இறங்குவது, கிடக்கிற இரும்பைத் தூக்குவது இரண்டும் கூடவே கூடாது (யுத்தகால வெடிபொருள் மிச்சம் இருக்கலாம்), ஏன் என்று எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு விளக்கத் தேவையில்லை, பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டும். பூனைக்காலிக் காயைக் காட்டி, இதைத் தொட்டால் நாள் முழுக்கச் சொறியவேண்டிவரும் என்று சொன்னால் கேட்பார்கள், எப்படியும் ஒருவன் தொடுவான்.

போனதும் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்கவேண்டும். கொப்பியின் நடுவில் தன்னை ஒரு புள்ளியாகப் போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று குறிக்கவேண்டும். பிறகு இலை. பாலை, வீரை இலைகளைத் தொட்டுப் பார்த்தால் தோல்போலத் தடிப்பாக, பளபளவென்று இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன வாழையிலைத் துண்டையும் ஒரு பாலை இலையையும் வெயிலில் கொழுவிவிட்டு, எது முதலில் வாடுகிறது என்று பாருங்கள். கச்சான் காலத்திலும் எங்கள் காடு ஏன் பச்சையாக நிற்கிறது என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

சவண்டலை மரம் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலத்தில் அந்தப் பலகைக்கு எங்கள் ஊரின் பெயரையே வைத்துத் ‘திருகோணமலை மரம்’ என்றுதான் சொல்வார்கள். முந்தைய காலத்தில் இங்கிருந்து சென்னைக்குப் போய் அங்கே அலை தாண்டுகிற மசுலாப் படகுகளுக்குப் பலகையானது. அதன் காய்க்குச் சிறகு இருக்கும், மேலே எறிந்தால் சுழன்று இறங்கும். பிள்ளைகள் அரை மணித்தியாலம் இதையே செய்வார்கள், செய்யட்டும்.

திரும்பி வந்த பிறகு நூல் விளையாட்டு. வட்டமாக நிற்கவைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்: பாலை, கரடி, மந்தி, யானை, விளா, புள்ளிமான், சிறுத்தை, இருவாய்ச்சி, கறையான், மழை. ஒருவரை ஒருவர் எதற்காக நம்பியிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி நூல் பந்தை எறியவேண்டும். கரடி பாலைப்பழத்தைத் தின்று கொட்டையை வேறிடத்தில் போடும், யானை விளாம்பழத்தை விழுங்கி லத்தியோடு விதையை விதைக்கும் என்று வரும்போது, மிருகம்தான் மரத்தை நம்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை திகைக்கும். வலை நிறைந்ததும் பாலையை நிலத்தில் இருக்கச் சொல்லுங்கள். யார் யாருக்கு நூல் இழுபடுகிறதோ அவர்கள் கை தூக்கட்டும். மே முதல் ஜூலை வரைக்கும் பாலைப்பழம் விற்கும், அந்த நேரத்தில் இதை வைத்தால் உதடு ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டே விளையாடலாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கண்டல் காடு கைக்கெட்டிய தூரத்தில். சேற்றிலிருந்து பென்சில்போல நிமிர்ந்து நிற்கிற கண்ணா மரத்தின் சுவாச வேர்களை அரை மீற்றர் சதுரத்துக்குள் எண்ணச் சொல்லுங்கள். கண்ணா இலையின் மேல் உப்புப் படிந்திருக்கும், நீங்களே பறித்து நக்கக் கொடுக்கலாம், ஆனால் நீங்களே பறிக்கவேண்டும், ஏனென்றால் தில்லை மரமும் அங்கேதான் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லையை முதலில் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்ன பிறகுதான் மற்ற வேலை. கண்டலின் நீண்ட நாற்று மரத்திலேயே முளைத்துத் தொங்கும். கீழே விழுந்து கிடக்கிற ஒன்றைக் கொண்டுவந்து போத்தல் தண்ணீரில் நிறுத்தினால் வகுப்பு யன்னலிலேயே இலை விடும்.

நகரத்துப் பாடசாலைக்கு இவ்வளவு அலைச்சலும் வேண்டாம் என்றால் கோட்டைப் பக்கம் மான் பார்க்கப் போங்கள். அழகைப் பார்க்க இல்லை, மானின் வாய் எட்டும் உயரத்துக்குக் கீழே என்னென்ன செடி மிச்சம் இருக்கிறது என்று பார்க்க. குப்பைக்குள் மான் எதைத் தேடுகிறது என்பதையும் எழுதிக்கொண்டு வரட்டும், அது மகிழ்ச்சியான குறிப்பாக இருக்காது.

மரக்காலையில் கேட்டால் தேக்குத் துண்டு ஒன்று சும்மா தருவார்கள். வளையம் எண்ணலாம். தேக்கு எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப வளையத்தைத் தெளிவாக விடும், எல்லா மரமும் அப்படி விடாது, பனைக்கும் தென்னைக்கும் வளையமே இல்லை.

இனி நடுகை

ஜூன் 5ஐ விதை பொறுக்கும் நாளாக மாற்றிவிடுங்கள், அந்த நேரத்தில்தான் வேப்பம்பழம் விழத் தொடங்கும். வேப்பங்கொட்டையைப் பொறுக்கிச் சதையைக் கழுவி இரண்டு கிழமைக்குள் போட்டுவிடவேண்டும், வைத்திருந்தால் முளைக்காது. நாவலும் அப்படித்தான். புளியங்கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்துப் போடுங்கள், கொன்றை விதையைச் சீமெந்துத் தரையில் கொஞ்சம் தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். பாலை முளைக்கவும் வளரவும் நாள் எடுக்கும், பொறுமையான சோடிக்கு மட்டும் கொடுங்கள். கழுவிய பால் பக்கற்றில் அடியில் நாலு ஓட்டை, மணலும் மண்ணும் எருவும் கலந்து, அரை நிழலில். வெள்ளி பின்னேரம் யார் தண்ணீர் ஊற்றுவது, சனி ஞாயிறு யார் என்று பட்டியல் போடாவிட்டால் எல்லாம் வீண்.

நவம்பரில் இரண்டு நல்ல மழை பெய்து, மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு நடுங்கள். குழி ஒன்றரை அடி, பக்கற்றைக் கிழித்து எடுத்துவிட்டு வேர்மண் உடையாமல் இறக்கி, மேலே அந்தக் கூட்டாத மூலையின் சருகைப் பரப்புங்கள். நாலு தடி ஊன்றிப் பழைய மீன்வலையைச் சுற்றினால் அதைவிட மலிவான வேலி கிடையாது. சோடிக்கு ஒரு கன்று போதும், நாற்பது வேண்டாம். மே மாதம் வந்ததும், அடியில் ஊசி ஓட்டை போட்ட போத்தலைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பவேண்டும்.

அடுத்த ஜூன் 5 வரும்போது பேச்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு சோடியும் தன் கன்றின் உயரத்தைக் கரும்பலகையில் எழுதட்டும். செத்ததையும் எழுதவேண்டும், பக்கத்தில் காரணம். எங்கள் கரும்பலகையில் போனமுறை ‘ஆடு’ என்று ஏழு இடத்தில் இருந்தது, ‘தண்ணீர் இல்லை’ என்று ஒரு இடத்தில்.